சிவப்பு அம்பு

காலையில் காப்பி குடிக்க எடுத்த எவர்சில்வர் டம்ளரில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். பனியன் கம்பெனிகளில் துணியில் பழுது இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அந்தக் காகித அம்பு. தரணீதரன் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அம்பின் முனை காட்டிய இடத்தில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, மயிரிழைபோல ஒரு நெளிசல் இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த டம்ளரில்தான் குடிக்கிறான். அந்த நெளிசல் இதுவரை அவன் கண்ணில் பட்டதில்லை.

"நேத்து கொசுவலைல ஒண்ணு ஒட்டியிருந்துதுங்க" என்றாள் மனைவி சுபஸ்ரீ. "அதுக்கு முன்னால பிரிட்ஜ் ரப்பர்ல. ஒட்டுன எடத்துல எல்லாம் நெசமாலுமே கிழிஞ்சுதான் இருக்குது."

"கெழவனுக்கு வேற சோலி என்ன? ஒட்டிட்டுப் போவட்டும். உன்ற மேல ஒட்டுனா வந்து சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். எப்போதோ குக்கர் ஆவி பட்ட தழும்பு. அதன் ஓரத்தில் பசை பிசுபிசுத்தது.

"ஒட்டியாச்சுங்க. நேத்து மத்தியானம் சோறு போடறப்ப கையப் புடிச்சாங்க. பாசமாப் புடிக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்."

பாசமாம். தரணீதரனுக்கு அந்தச் சொல்தான் சிரிப்பைக் கொடுத்தது. காப்பியைக் குடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போனான். போவதென்ன, பின்கட்டுக் கதவைத் திறந்தால் கம்பெனி.

கிழவன் என்று அவன் சொன்னது தன் தகப்பனைத்தான். கிட்டுசாமி ஒரு காலத்தில் இந்த ஊர்க் கம்பெனிக்காரர்களே பயந்த ஆள். செக்கிங் டேபிளில் கூலிக்கு நின்று, பிறகு சொந்தமாகக் கம்பெனி போட்டவர். அவர் போட்ட முதல் அவருடைய கட்டைவிரல்தான் என்பார்கள். துணியை ஒரு தடவு தடவினால் போதும், ஊசி ஓட்டையோ விட்டுப்போன தையலோ அந்த விரலுக்குத் தட்டுப்பட்டுவிடும். தட்டுப்பட்டதும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் கொடுப்பார்.

"ச்சு."

திட்டு கிடையாது, விளக்கம் கிடையாது. அந்தச் சத்தத்துக்கு அஞ்சி வேறு கம்பெனிக்குப் போன டெய்லர்கள் உண்டு. மகன் பரீட்சையில் வாங்கிய மார்க்குக்கும், கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கும், ஆசையாக வாங்கிப் போட்ட புது மிஷினுக்கும் கிட்டுசாமி சொன்ன அபிப்பிராயம் அதே சத்தம்தான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இப்போது கக்கூஸ் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. செத்துப்போன மனைவியைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார். மருமகளைப் பார்த்து, "நீ எந்த ஊருக் கண்ணு?" என்று விசாரித்தார். மகனை வாட்ச்மேன் என்று எண்ணி, கேட்டை ஏன் திறந்து போட்டாய் என்று அதட்டினார். தரணீதரனுக்கு இதிலெல்லாம் துக்கம் வந்ததாகச் சொன்னால் அது பொய். ஆயுசுக்கும் தன்னை அளந்துகொண்டிருந்த ஒரு பார்வை அணைந்துபோனதில் அவனுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சியே இருந்தது.

கோயமுத்தூரில் காட்டினார்கள். டாக்டர் ஸ்கேன் படம் ஒன்றை விளக்குக்கு முன்னால் வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"மூளைல எல்லா எடமும் ஒரே வேகத்துல கெட்டுப்போறதில்லீங்க. புதுசா நடக்கறத வாங்கி வெக்கற எடம் காதுக்கு உள்பக்கம் ஆழத்துல இருக்குது. ஓயாம உழைக்கற எடம். இந்த நோவு மொதல்ல அதைத்தான் புடிக்கும். கையக் காலை ஆட்டற எடம், தொட்டு உணர்ற எடம், பழகுன வேலைய வெச்சிருக்கற எடம் இதெல்லாம் ரொம்ப நாள் தாக்குப் புடிக்கும்."

"அது ஏனுங்க அப்படி?"

"முழுசா யாருக்கும் தெரியாது. ஓயாம மாறிட்டே இருக்கற நரம்பு சீக்கிரம் தேஞ்சு போகுதுங்கறாங்க. சின்ன வயசுல மொதல்ல முத்துன எடம் கடைசில போகும்னும் ஒரு கருத்து இருக்குதுங்க. நோவு இல்லாதவங்களுக்கும் அடியில கெடக்கறது அதுதானே."

இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வரச்சொன்னான் என்று தரணீதரன் வெளியே வந்து காறித் துப்பினான். காரில் ஏறியதும் சுபஸ்ரீயிடம் சொன்னான்: "கம்பெனிய மூடியாச்சாமா. ஒரே ஒரு மிஷின் மட்டும் ஓடுதாமா."

அந்த ஒரு மிஷினை அவன் சும்மா விடவில்லை.

முதலில் தொல்லை தாங்காமல்தான் செய்தான். சாயங்காலமானால் கிழவர் கேட்டைப் பிடித்து உலுக்கி ஊரைக் கூட்டினார். ஒரு நாள் எரிச்சலில் ஒரு மூட்டை கழிவுப் பனியனை அவர் அறையில் கொட்டி, அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்றையும் பிசிர் நறுக்குகிற ட்ரிம்மர் கத்தரி ஒன்றையும் முன்னால் போட்டான். அவ்வளவுதான். நடுங்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. இடது கை துணியை எடுத்தது, வலது கை தடவியது. முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, கைகள் பாட்டுக்கு வேலையில் இறங்கின.

எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் பனியனின் இடது கை, அப்புறம் வலது கை. இரண்டு பக்கத் தையல். அடி மடிப்பு. தோள். கடைசியில் கழுத்து. நல்ல பீஸ் என்றால் மடித்து, மேலே ஒரு தட்டுத் தட்டி வலது பக்கம் வைக்கும். பழுது என்றால் அம்பு ஒட்டி இடது பக்கம் போடும். அம்பு ஒட்டிய பீஸைச் சரிசெய்து, அதாவது ஆல்டர் பண்ணி, திரும்பக் கொண்டு வரவேண்டும். அப்போதும் பழுது அப்படியே இருந்தால் மூன்றாவது தடவை கிடையாது. வெளிநாட்டுக்காரன் பேர் போட்ட பீஸ் வீணாகிப்போனால் சந்தைக்குத் தப்பிப் போய்விடக் கூடாதல்லவா. கழுத்தை வெட்டி விடவேண்டும்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் தரணீதரனுக்கு அதுதான் வேலை. தேறாத பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் இரு பக்கம் இழுத்துப் பிடிக்கவேண்டும். அப்பன் வெட்டுவார். "விறைப்பாப் புடிடா. வெளிச்சத்த மறைக்காத, தலையக் குனி." பனியனுக்கு முன்னால் அவனே அந்தக் கைகளுக்குக் கீழே நின்றவன்தான். பால்வாடிக்குப் போகிற வயசிலிருந்து, தினமும் காலையில், சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் மூச்சு விடாமல் நிற்கவேண்டும். இடது கை, வலது கை, பக்கம், அடி, தோள், கழுத்து. மடித்து வைக்கத்தான் முடியாது. தேறினால் தலையில் ஒரு தட்டு. அந்தத் தட்டு அவனுக்கு எத்தனை தடவை கிடைத்தது என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கிடைத்ததாக ஞாபகம் இல்லை.

கழிவு மூட்டைக்குள் ஒரு நாள் நல்ல லாட்டில் கொஞ்சத்தைக் கலந்து வைத்துப் பார்த்தான். செக்கிங்கில் தலைமையாக இருந்த மயிலாள் பார்த்து அனுப்பிய பீஸ்கள். அதில் அவள் கவனிக்காமல் விட்ட பழுதைக் கிழவரின் கை பிடித்திருந்தது. அடுத்த வாரமே மயிலாளையும் கூட இருந்த பெண்களையும் வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டான்.

"பெரிய மொதலாளிக்கு ஒடம்பு செரியில்லைன்னாங்களே சாமி" என்றாள் மயிலாள்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அது லீவு கேக்காது, டீக்குப் போகாது, ஊருக் கத பேசாது."

'அது' என்றுதான் சொன்னான். மயிலாள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

டம்ளரில் அம்பு வந்த மறுநாள், கொசுவலையின் மேல்பட்டை ஒரே நேர்கோட்டில் அறுந்து கிடந்தது. பிரிட்ஜ் ரப்பரும் மேல்பக்கம் வெட்டுப்பட்டுத் தொங்கியது. இரண்டையும் தைக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. இரண்டாம் பார்வைக்கு வந்து தேறாமல் போனவை. சுபஸ்ரீ இதை வாய்விட்டுச் சொன்னபோது அவன், "வலை நைஞ்சு கெடந்துது, அதுக்கொரு கதை கட்டாத" என்றான்.

பிறகு கோழி. வாட்ச்மேன் அங்கமுத்து கம்பெனி மூலையில் நாலு கோழி வளர்த்தான். அதில் ஒன்று நொண்டி. அதன் நொண்டிக் காலில் சிவப்பாக என்னவோ ஒட்டியிருக்கிறது என்று அங்கமுத்து முந்தின நாள்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். மறுநாள் அது தண்ணீர்த் தொட்டியோரம் கிடந்தது. சிறகு கலையவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வெளியே சிதறவில்லை. கழுத்துக்கு மேலே மட்டும் இல்லை.

"கீரி புடிச்சிருக்கும்" என்றான் தரணீதரன்.

"கீரி திங்காம விட்டுட்டுப் போகுமுங்களா மொதலாளி? அதும் பாருங்க, றெக்கைய மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்குது."

அன்றைக்கு மத்தியானம் சுபஸ்ரீ பெட்டியை எடுத்து வைத்தாள். மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் சுற்றியிருந்தாள்.

"அந்த ட்ரிம்மர வாங்கி வெச்சுருங்க. இல்லாட்டி நான் குன்னத்தூருக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

"ட்ரிம்மர் இல்லாம பிசிர எப்படி நறுக்கறது? பல்லுலயா? கன்டெய்னர் வந்து நிக்கப்போகுது. லோடு போகட்டும், வாங்கி வெக்கறேன்."

"என்ற தழும்ப நான் எங்க கொண்டுபோய் ஆல்டர் பண்றதுங்க?"

பெண்டுகள் பயத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கம்பெனி நடத்த முடியாது என்பது அவன் கட்சி. அவள் பஸ் ஏறிப் போனாள். அவன் கிழவர் அறைக்கு இன்னும் இரண்டு மூட்டையைத் தூக்கிவரச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அரை நாளோடு கம்பெனி விட்டது. மழை கட்டிக்கொண்டு நின்றது. மயிலாள் தன் டிபன் கேரியர் ஒன்று செக்கிங் அலமாரியில் தங்கிவிட்டதாக வந்து எடுத்துக்கொண்டாள். திரும்பும்போது நின்றாள். வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"இல்லீங் சாமி. உங்க பொடனில ஸ்டிக்கர் ஒட்டியிருக்குதுங். உங்களையும் ஆல்டருக்கு அனுப்பிட்டாங்களாட்ட இருக்குது."

அவள் போன பிறகும் அவன் கை பின்கழுத்துக்குப் போகச் சற்று நேரம் பிடித்தது. இருந்தது. காலருக்குக் கீழே, எலும்பு புடைத்த இடத்துக்குப் பக்கத்தில். பிய்த்து எடுத்தான். விரலில் ஒட்டிக்கொண்ட சிவப்பு அம்பு உதறியும் போகவில்லை. தூங்கும்போது ஒட்டியிருக்கவேண்டும். அப்படியென்றால் கட்டில் வரை வந்திருக்கிறது. குனிந்து நின்றிருக்கிறது. தடவிப் பார்த்திருக்கிறது. இடது கையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக.

பைத்தியக்காரக் கிழவன், என்றான் வாய்விட்டு. குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கையில் இன்னொரு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. மரு இல்லை, தழும்பு இல்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தான். பிறகு பாத்திரம் துலக்குகிற நாரை எடுத்துத் தேய்த்தான். தோல் எரிந்தது. அங்கே என்ன பழுது என்று அவனுக்கு விளங்கவில்லை. டம்ளரின் நெளிசல்கூட அவனுக்குத் தெரியாமல்தான் இருந்தது. அந்த விரல் ஒரு தடவையாவது தப்பாக ஒட்டியதுண்டா என்று யோசித்தான். கொசுவலை, ரப்பர், தழும்பு, கோழி. இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

எங்கே இருக்கிறது என்றே தெரியாத பழுதை எப்படிச் சரி செய்வது?

சாயங்காலம் மழை இறங்கியது. தகரக் கூரை மேல் அது விழுந்த சத்தத்தில் ரோட்டு லாரிகளின் சத்தம் அமுங்கிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் கரண்ட்டும் போயிற்று. வழக்கமாக ஜெனரேட்டர் உறுமும், ஓவர்லாக் மிஷின்கள் இரையும், அயர்ன் பாய்லர் மூச்சு விடும், அதற்கு நடுவே யாராவது இந்தியில் பாட்டுப் போட்டிருப்பார்கள். அதெல்லாம் இல்லாமல் அந்தக் கட்டடத்தை அவன் கேட்டதில்லை. ஈரப் பஞ்சும் மிஷின் எண்ணெயும் கறை எடுக்கிற மருந்தும் கலந்த நெடி இருட்டில் கனமாக நின்றது. அந்த மழைக்கு அடியில், பின்கட்டு அறையிலிருந்து, இன்னொரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. துணி உரசுகிற சத்தம். ஒரு தட்டு. துணி உரசுகிற சத்தம். ஒரு தட்டு. இருட்டு வந்தது அதற்குத் தெரியவில்லை, அல்லது தெரியவேண்டிய அவசியம் இல்லை.

லோடு எக்கேடு கெட்டாலும் சரி, ட்ரிம்மரை வாங்கிவிடுவது என்று எழுந்தான். எழுபது தாண்டிய கிழட்டு உடம்பு. இவன் ஒரு கையால் தள்ளினால் மூலையில் போய் விழும். அதை நினைத்துக்கொண்டேதான் நடந்தான்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. போன் வெளிச்சத்தில், டேபிளுக்கு அந்தப் பக்கம் கிட்டுசாமி நின்றுகொண்டிருந்தார். முகம் சுவரைப் பார்த்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, அதன் ஓரத்தில் எச்சில் மின்னியது. அந்த முகத்தில் யாரும் இல்லை. கோபமோ இளக்காரமோ எதுவும் இல்லை. கீழே கைகள் மட்டும் வேகமாக, சுத்தமாக, இளந்தாரியின் கைகள்போல ஓடிக்கொண்டிருந்தன. வலது சுண்டுவிரலில் ட்ரிம்மர் தொங்கியது.

"அப்பா. அதக் குடுங்க."

தட்டு.

"அப்பா, உங்களத்தான். இங்க குடுங்க அத."

வெளிச்சம் மேலே போகும்படி போனை டேபிளில் வைத்தான். இடது கை உடனே அதை எடுத்தது. கட்டைவிரல் ஓரத்தைத் தடவியது. கண்ணாடியின் ஒரு மூலையில் கீறல் இருந்தது. அம்பு ஒன்று ஒட்டியது. போன் இடது பக்கக் குவியலுக்குள் போயிற்று. அதன் மேல் அடுத்த பீஸ் விழுந்தது. துணிகளின் அடியில் கொஞ்சம் வெளிச்சம் சிவந்து கசிந்தது. பிறகு இன்னொரு பீஸ். கசிவும் நின்றது.

மழை.

தரணீதரன் போனைத் தேடி இருட்டில் இடது கையை நீட்டினான். அது டேபிளின் நடுவில் படிந்தது.

அடுத்த பீஸ் வரவேண்டிய இடம் அது.

விரல்கள் வந்து சட்டைக் கையைப் பிடித்தன. உலர்ந்த, சூடான விரல்கள். கட்டைவிரல் கை ஓரத்துத் தையலில் ஏறி முழங்கை வரை போயிற்று, திரும்பியது. பிடி இறுக்கமாக இல்லை. உதறினால் விட்டுவிடும். உதறவேண்டும் என்று நினைத்தான். நினைத்தது எங்கேயோ நின்றுவிட்டது. கை வரை வரவில்லை.

கால்கள் டேபிளைச் சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றன. குதிகால்கள் ஒட்டிக்கொண்டன. வலது கை தானாக விறைத்து முன்னால் நீண்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற காலை நேரம் மாதிரி.

நகரு, என்று சொன்னான். தன் காலுக்குத்தான் சொன்னான். அது கேட்கவில்லை.

வலது கை. முடிந்தது.

பக்கத் தையல். அக்குளிலிருந்து இடுப்பு வரை. விரல் விலாவை ஒவ்வொன்றாகக் கடந்தது.

மூச்சு நின்றிருந்தது. அவன் நிறுத்தவில்லை. அதுவே நின்றிருந்தது.

கத்தினால் அங்கமுத்துவுக்குக் கேட்கலாம். மழைக்கும் மேலே கத்தினால். வாய் திறக்கவில்லை. அதைவிடக் கேவலம், உள்ளே ஒன்று கெஞ்சிக்கொண்டிருந்தது. தேற வேண்டும். இந்த ஒரு தடவை. தலையில் ஒரு தட்டு. நாற்பது வயசு தாண்டிய கம்பெனி முதலாளிக்குள் யாரோ ஒரு பொடியன் கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அடி மடிப்பு.

தோள். இடது. வலது.

விரல்கள் கழுத்துக்கு வந்தன. காலரைப் புரட்டி உள்பக்கம் பார்த்தன. தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகியிருந்த இடத்துக்கு வந்தன. சுற்றி வந்தன. தாண்டிப் போயின.

தாண்டிப் போயின.

திரும்பி வந்தன.

கட்டைவிரல் அந்த இடத்தில் நின்றது.

"ச்சு."

ட்ரிம்மர் வாய் திறக்கிற சத்தம் மழைக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. தரணீதரனின் இரண்டு கைகளும் மெல்ல மேலே எழுந்தன. காலரின் இரு பக்கத்தையும் பிடித்தன. விறைப்பாக இழுத்துப் பிடித்தன. வெளிச்சமே இல்லாத அந்த அறையில், வெளிச்சத்தை மறைக்காமல் இருப்பதற்காக, அவன் தலை குனிந்தது.